8085 கிட்ல கேம் ஓட்டச் சொல்லுங்க சாமி!

"இந்தக் காலத்துல போய் 8085 நடத்துறாங்கப்பா, வெளங்குமா?" இஞ்சினியரிங் படிச்ச நாலு பேர் கூடினா இந்தப் புலம்பல் கண்டிப்பா வரும். நானும் ஈ.ஈ.ஈ. முடிச்சிட்டு பொட்டி தட்டப் போன கோஷ்டிதான். ஆனா இந்த விஷயத்துல நான் எதிர்க்கட்சி. சிப் பழசுங்கறது பிரச்சினையே இல்லை. அதை வெச்சு செய்யச் சொல்ற வேலைதான் பிரச்சினை.

லேப்ல என்ன நடக்கும்? 4100-ங்கற முகவரியில ஆரம்பிச்சு ஹெக்ஸ் கோடை ஒவ்வொண்ணா அமுக்கணும். ரெண்டு எண்ணைக் கூட்டணும். விடை வந்துச்சான்னு பாக்கணும். ரெக்கார்ட் நோட்டுல கையெழுத்து, முடிஞ்சது கதை. கால்குலேட்டர் செய்யற வேலைக்கு எதுக்குய்யா மைக்ரோபிராசசர்னு பையனுக்குத் தோணுமா, தோணாதா?

என் கட்சி இதுதான்: அதே கிட்டை வெச்சு பசங்களே ஒரு பழைய பாணி கம்ப்யூட்டர் கட்டட்டும். அதுல ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மாதிரி ஒரு கேம் ஓடட்டும். அதையே செமஸ்டர் ப்ராஜெக்டா வைங்க.

ஏன் அந்த கேம்? ஜப்பான்ல டைட்டோ கம்பெனிக்காக தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கி 1978-ல வந்தது அது. அதோட மூளை இன்டெல் 8080. நம்ம 8085 அதுக்கு சொந்தத் தம்பி, 1976-ல பொறந்தது. அண்ணனுக்குப் புரியற எல்லாக் கட்டளையும் தம்பிக்கும் புரியும், கூடவே ரிம், சிம்னு ரெண்டு புதுசு. அங்க 8080 ஓடினது சுமார் 2 மெகாஹெர்ட்ஸ்ல. 8085-ஏ சிப் 3 வரைக்கும் போகும். கேமோட மொத்த ப்ரோக்ராமும் 8 கேபிதான். 2764 ஈப்ராம் ஒண்ணே ஒண்ணுல கச்சிதமா உக்காந்துடும்!

அப்ப ஈப்ராமை மாட்டினா கேம் ஓடிடுமா? ஓடாது. ஏன் ஓடாதுங்கறதுலதான் மொத்தப் பாடமும் இருக்கு.

முதல்ல முகவரித் தகராறு. கேம் பூஜ்யத்துல ஆரம்பிக்கணும், ராம் ஹெக்ஸ் 2000-ல இருக்கணும். கிட்லயோ பூஜ்யத்துல மானிட்டர் ப்ரோக்ராம் பட்டா போட்டு உக்காந்திருக்கும். அதைக் கிளப்பிட்டு, 74138 வெச்சு புதுசா முகவரி பிரிச்சுக் கொடுக்கணும்.

அடுத்தது போர்ட். 8080-ஆல ஒரு நேரத்துல ஒரு பிட்தான் நகர்த்த முடியும். ஏலியன் படத்தை புள்ளி புள்ளியா நகர்த்த அது போதாது. அதனால ஒரிஜினல் மெஷின்ல பிட் நகர்த்தறதுக்குன்னே வெளியில தனி சர்க்யூட் உண்டு. ஒரு போர்ட்ல படத்தைப் போட்டு, இன்னொண்ணுல எத்தனை பிட்னு சொன்னா, நகர்த்தினது திரும்பி வரும். கிட்ல அது கிடையாது. நாமதான் கட்டணும்.

கடைசியா திரை, பெரிய தலைவலி. 256-க்கு 224 புள்ளி, புள்ளிக்கு ஒரு பிட், ஆக மொத்தம் 7 கேபி. இதை நொடிக்கு 60 தடவை திரை படிக்கும், அதே நேரத்துல பிராசசரும் அங்கயே எழுதும். ஒரே குழாய்ல ரெண்டு குடம்! யார் எப்ப பிடிக்கணும்னு முறை வைக்கணும். அதுக்குத்தான் திரை பாதி வரைஞ்சதும் ஒரு இண்டர்ரப்ட், முழுசா வரைஞ்சதும் ஒண்ணு. வரைஞ்சு முடிச்ச பாதியில மட்டும் பிராசசர் கை வைக்கும். இண்டர்ரப்ட்னா என்னன்னு இதை விட அழகா எந்தப் புத்தகம் சொல்லும்?

இன்னொரு சுவாரஸ்யம். ஆட்டத்துல ஏலியன் குறையக் குறைய வேகம் கூடும், கவனிச்சிருக்கீங்களா? ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ஏலியனைத்தான் நகர்த்துவாங்க. 55 பேரும் ஒரு அடி வைக்க 55 ஃப்ரேம், கிட்டத்தட்ட ஒரு நொடி. அஞ்சு பேர்னா அஞ்சே ஃப்ரேம். மெஷினோட வரம்பே விளையாட்டா மாறிடுச்சு!

"இதுக்கு எமுலேட்டர் இருக்கே?"ம்பாங்க. இருக்கு. எமுலேட்டர் எழுதினா கட்டளைகள் புரியும், ஒயர் புரியாது. "திரைக்கு மட்டும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வெச்சுக்கலாமா, போங்கு ஆட்டம் இல்லையா?"ம்பாங்க. முதல் பேட்ச்சுக்கு தாராளமா வெச்சுக்கட்டும். ஒரு செமஸ்டர்ல எதையாவது ஓட்டிப் பாக்கறது முக்கியம்.

"இதெல்லாம் சோறு போடுமா?" நியாயமான கேள்வி. எங்க ஊர்ப் பக்கம் வாங்க, காட்டறேன். மூர் மார்க்கெட்ல லோக்கல் ஏறி மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினா கும்மிடிப்பூண்டி. சிப்காட்ல ரோலிங் மில்லும் உருக்கு உலையுமா இருக்கும். இந்த மாதிரி இடங்கள்ல மெஷின் இருபது, முப்பது வருஷம் ஓடும், உள்ள இருக்கற கார்டு அதுக்கு முன்னாடியே வழக்கொழிஞ்சு போகும். 1976-ல வந்த ஸைலாக் இஸட்80-யோட தனி சிப் உற்பத்தியை நிறுத்தப் போறதா 2024-லதானே அறிவிச்சாங்க?

மில் ஒண்ணுல மெயின்டனன்ஸ்ல இருக்கான் என் நண்பன். 8031 போட்ட பழைய கார்டு ஒண்ணு படுத்துடுச்சு. வித்தவங்க "அந்த மாடலே இப்ப இல்லை"ன்னு கைவிரிச்சுட்டாங்க. ராத்திரி ஷிஃப்ட்ல ஆசிலோஸ்கோப்போட உக்காந்து, போனது முகவரியைப் பிடிச்சு வைக்கற 74373 லாட்ச்தான்னு கண்டுபிடிச்சான். ரிச்சி ஸ்ட்ரீட்ல புதுசு வாங்கிப் போட்டான், மெஷின் ஓடிச்சு. 8085-க்குப் பக்கத்துலயும் அதே வேலைக்கு அதே லாட்ச்தான் போடுவாங்க. நாங்க ஏ.எல்.ஈ. சிக்னல் எதுக்குன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணினோம், அந்த லாட்ச்சை விரலால தொட்டதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்துல காலேஜும் ஃபேக்டரியும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்டை காசு கொடுத்து வாங்கற பசங்க இன்னும் இருக்காங்க. கேம் ப்ராஜெக்டையும் வாங்கலாம்தான். ஆனா வைவாவுல "அந்த ராமை 4000-க்கு மாத்திக் காட்டு தம்பி"ன்னா வாங்கினவன் முழிப்பான், கட்டினவன் ஒயரை மாத்துவான்.

லேப் பொறுப்புல இருக்கற வாத்தியார் யாராவது இதைப் படிச்சா, ஒரே ஒரு பேட்ச்சுக்கு விட்டுப் பாருங்க சார். கிட் ஏற்கெனவே அலமாரியில தூங்குது. மத்த மக்கள்ஸ், உங்க காலேஜ் கிட்டோட மெமரி மேப் ஞாபகம் இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. கும்மறவங்களும் தாராளமா கும்மலாம் :-)

பி.கு: ஒரிஜினல் கேமோட கோடு டைட்டோவோட சொத்து, அதைச் சுடச் சொல்லலை. முறையைக் கத்துக்கிட்டு, சொந்தமா எழுதுங்க. ஏலியனுக்குப் பதிலா கொசு இறங்கினாலும் எனக்கு ஓகே.