வர்ணத்துக்கு முன்னே துரு

1957-ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் திறந்த கார் ஒன்று புதுப்பிக்கப்பட்டு நின்றால், அதன் குரோம் மினுக்கத்தையே மெச்சுகிறோம். நம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ மினுக்கத்தைப் பார்ப்பதில்லை. மடக்குக் கூரை வண்டியின் பாரத்தை அடிச்சட்டமே தாங்குகிறது. அதைத் துரு அரித்தால் வண்டி தொய்யும். நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும். பிரேக் எண்ணெய்க்கு வழியும் ஒன்றே. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் கைவிடும்.

ஆகையால், வர்ணத்துக்கு முன்னே துருவைச் சுரண்டுவதே மெய்யான புதுப்பித்தல். துருவின்மேல் பூசிய வர்ணம் வஞ்சனையே.

பிரியமானவர்களே, பண்டிகைக்குப் புத்தாடை எடுக்குமுன், சகோதரனோடு பேசவிடாமல் தடுக்கும் அந்தப் பழைய கசப்பைச் சுரண்டிவிடுவீர்களா? இறக்கம் வருமுன்னே செய்யுங்கள்.