ஐந்து மணி நேரம், மூன்று பேர், ஒரே கணினி

"பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மகன், சனிக்கிழமை முழுக்கப் போட்டி என்று இருக்கிறான். இது படிப்பா, விளையாட்டா?" என்று அயலவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

ஐ.சி.பி.சி. நிரலாக்கப் போட்டியில் ஓர் அணிக்கு மூன்று மாணவர்கள், ஐந்து மணி நேரம், ஒரே கணினி. ஒருவர் தட்டச்சு செய்ய, மற்ற இருவரும் தாளில் கணக்குப் போட வேண்டும். தனியொருவரின் கெட்டித்தனம் அங்கு போதாது. ஐ.ட்ரிபிள்.ஈ. எக்ஸ்ட்ரீம் போட்டியோ 24 மணி நேரம். நமக்கு அது அதிகாலை 5.30க்குத் தொடங்கும். ஸுபஹ் தொழுதுவிட்டு அமர்ந்தால் மறுநாள் ஸுபஹ் வரை நீளும்.

அதில் மொரட்டுவைப் பல்கலைக்கழக அணிகள் உலகின் முன்வரிசையில் நின்றிருக்கின்றன. எமது பிள்ளைகள் ஏன் தயங்குகிறார்கள்? நான் கண்டவரை தடை கணிதமல்ல, மொழி. உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள், ஆங்கில வினாவை விளங்கிக்கொள்வதிலேயே நேரத்தை இழக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கோ இரவில் ஆய்வுகூடத்தில் இருக்க வீட்டில் அனுமதியில்லை.

இரண்டுக்கும் வழியுண்டு. பழைய வினாக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொழிலில் இருக்கும் எமது பட்டதாரிகள் வாரத்தில் இரண்டு மணி நேரம், சம்மாந்துறையிலோ கொழும்பிலோ மாணவர்களுடன் அமர்ந்து அவற்றை வாசித்துப் பழக்கலாம். பெண்களின் அணிகள் பகல்நேரப் போட்டிகளில் தொடங்கலாம். பரிசளிப்பு விழாக்களுக்குச் செலவிடும் சமூகத்துக்கு இது பெரிய செலவல்ல.

அயலவரிடம் சொன்னேன்: "படிப்புத்தான். அடுத்த முறை தேநீர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்."