வேகம் வேண்டாம், நேரம் போதும்! சேலம்-நாமக்கல் ரயிலுக்கு சுவிஸ் பாடம்

சேலம்:

பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்ச கட்டணம் 10 ரூபாய்தான். கொரோனா காலத்தில் 30 ரூபாய் ஆக்கியதை 2024 பிப்ரவரியில்தான் பழையபடி குறைத்தார்கள். ஆனாலும் சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் ஓடுகிறார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஸ்சை விட்டால் பின்னாடியே இன்னொன்று வரும். பாசஞ்சரை விட்டால் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கணும்.

சேலத்தில் இருந்து நாமக்கல், மோகனூர் வழியாக கரூர் வரை 85 கி.மீ. பாதை 2013ல் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் இதில் மதுரை-பெங்களூர் வந்தே பாரத்தும் ஓட ஆரம்பித்தது. ஆனால் இது ஒற்றைப் பாதை. எதிரே ரயில் வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றாக வேண்டும். பெரும்பாலும் ஒதுங்குவது பாசஞ்சர்தான். எத்தனை வேகமான என்ஜின் போட்டாலும் நிற்கிற நேரம் குறையாது.

இந்த தலைவலிக்கு உலகத்தில் விசித்திரமான வைத்தியம் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1858ல் ஓடும் ரயிலில் இருந்தே கடைசிப் பெட்டியைக் கழற்றி விட்டார்கள். ரயில் நிற்காமல் போய்விடும். பெட்டியை மட்டும் அதில் இருக்கும் கார்டு பிரேக் போட்டு ஸ்டேஷனில் நிறுத்துவார். சிக்கல் என்னவென்றால், ஆளை இறக்கலாம், ஏற்ற முடியாது! கழற்றும் பெட்டிக்கெல்லாம் தனி கார்டும் வேணும். 1960ல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்து வேறு வழியில் போனது. 1982 முதல் அங்கே மணிக்கு மணி அதே நிமிடத்தில் ரயில். 8.10க்கு ஒன்று என்றால் அடுத்தது 9.10, அப்புறம் 10.10. அட்டவணையே பார்க்க வேண்டாம். இறங்கினால் வெளியே பஸ் தயாராக நிற்கும். 1987ல் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி இதை இன்னும் விரிவாக்கினார்கள். முதலில் அட்டவணை, அதற்கு ஏற்றபடி தண்டவாளம் என்பதுதான் அவர்கள் கணக்கு.

நம்ம ஒற்றைப் பாதைக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே இடைவெளியில் ரயில்கள் ஓடினால், எதிரெதிர் ரயில்கள் தினமும் அதே இடங்களில்தான் சந்திக்கும். அந்த இடங்களில் மட்டும் இரட்டைப் பாதை போட்டால் போதும். 85 கி.மீ. முழுக்க போட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் டிரைவர் கேபின் உள்ள மெமு ரயில் என்றால் கடைசி ஸ்டேஷனில் என்ஜின் மாற்றும் வேலையும் மிச்சம். பத்து, பன்னிரண்டு பெட்டியோடு எப்போதாவது வருவதை விட, நாலைந்து பெட்டியோடு அடிக்கடி வருவதுதான் கூலி வேலைக்குப் போகிறவருக்கு உதவும்.

ஆனால் ரயில் மத்திய அரசு கையில், டவுன் பஸ் மாநில அரசு கையில். ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்கா விட்டால், டிக்கெட்டில் மிச்சமான காசு ஆட்டோவுக்கே போய்விடும். இரண்டு தரப்பும் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரே அட்டவணை போடணும். அதற்கு தண்டவாளமும் வேண்டாம், கோடிகளும் வேண்டாம். மனசு இருந்தால் போதும்!