வினாக்கொத்து நிரப்புறது மட்டுமா எங்கட வேலை?

வன்னிக்கு ஆலோசகர்கள் புதிசில்லை. 2009க்குப் பிறகு எங்கட ஊர்களுக்கு வந்துபோன ஜீப்புகளைக் கண்ட ஆக்களுக்கு இது தெரியும். தேவை மதிப்பீடு, அடிப்படை ஆய்வு, தாக்க மதிப்பீடு என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு அறிக்கை. அந்த அறிக்கைகளுக்காக வீடு வீடாகப் போய் "வீட்டில எத்தனை பேர், கிணறு இருக்கா, மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்டது பெரும்பாலும் எங்கட பெடியளும் பெட்டையளும்தான். கையில ஒரு வினாக்கொத்து, நாள் கூலி, முடிவில ஒரு சான்றிதழ். அந்தத் தரவை வைச்சு அறிக்கை எழுதி, முன்பக்கத்தில பேர் போட்டுக்கொண்ட ஆக்கள் வேற ஊரில இருந்தார்கள்.

எழுதுற மேசையிலயும் எங்கட பிள்ளையள் இருக்க வேணும். அதுக்கு ஒரு வழி, கொழும்பில இருக்கிற ஆலோசனை நிறுவனங்களின்ட பட்டதாரி வேலைகளுக்குத் துணிந்து விண்ணப்பிக்கிறது. அந்த நேர்முகத் தேர்வு அறிவாளிகளுக்கு மட்டும் திறக்கிற மந்திரக் கதவு என்று பயப்படத் தேவையில்லை. அது மேசன் வேலை, தையல் வேலை மாதிரிப் பழகிப் படிக்கக்கூடிய ஒரு கைவேலை. பழக்கிவிடத்தான் எங்களுக்கு ஆளில்லை.

முதலில இந்த நிறுவனங்கள் யார் என்று பார்ப்பம். கேபிஎம்ஜி, ஏர்ன்ஸ்ட் அன்ட் யங், பிடபிள்யூசி, டெலோய்ட் என்ற நாலையும் உலகம் முழுக்க 'பெரிய நான்கு' என்று சொல்லுவார்கள். இவற்றில சிலதுக்குக் கொழும்பில அலுவலகம் இருக்கு. கணக்காய்வுதான் இவற்றின்ட பழைய தொழில். அதோட வரி, முகாமைத்துவ ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம், இடர் மதிப்பீடு எல்லாம் பார்க்கிறார்கள். பட்டயக் கணக்காளர் படிக்கிற ஆக்கள் இங்க பயிற்சிக்குப் போறது எல்லாருக்கும் தெரிந்த பாதை. ஆனால் ஆலோசனைப் பக்கத்துக்குக் கணக்கியல் படிச்ச ஆக்கள் மட்டும் போதாது. கணினி, புள்ளிவிபரவியல், திட்ட முகாமைத்துவம் படிச்ச ஆக்களும் தேவை. 2022 ஏப்ரலில நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுறதை நிறுத்தினது ஞாபகம் இருக்கும். அதுக்குப் பிறகு கடன்காரரோட கதைக்க அரசாங்கம் அமர்த்தினது லசார்ட் என்ற நிதி ஆலோசனை நிறுவனத்தையும் கிளிஃபோர்ட் சான்ஸ் என்ற சட்ட நிறுவனத்தையும்தான். ஆலோசகரின்ட வேலை எவ்வளவு தூரம் போகும் என்றதுக்கு இது ஒரு உதாரணம்.

இனி எங்கட பக்கம். 1997இல இருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ட வவுனியா வளாகமாக இருந்தது, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவில திட்ட முகாமைத்துவம் படிக்கிறார்கள், வங்கியியலும் காப்புறுதியும் படிக்கிறார்கள், தகவல் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். மேல சொன்ன வேலைகளுக்குத் தேவையான படிப்புத்தான் இது. ஆனாலும் பட்டம் கையில வந்த பிறகு நான் காணுற நிறையப் பேர் இந்த வேலைகளுக்கு விண்ணப்பமே போடுறதில்லை. "அது கொழும்புப் பிள்ளையளுக்கு" என்று சொல்லிப்போட்டு அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

காத்திருக்கிறதில நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டன். 2020இல 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோட பயிலுனராக எடுக்கிற திட்டம் வந்தது. அப்படி ஒன்று திரும்பவும் வரும் என்று அம்மா அப்பா நம்புறார்கள். ஆனால் 22 வயசில இருந்து 27 வயசு வரைக்கும் ஒரு வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது ஒரு மனிசரின்ட நல்ல காலத்தைத் தின்னுது. காத்திருக்கிறவை காத்திருக்கட்டும். காத்திருக்கிற நேரத்தில இதையும் ஒருக்கா முயற்சி செய்து பார்க்கலாம்தானே?

தேர்வு எப்படி நடக்கும்? நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்றாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். முதலில சீவியும் ஒன்லைன் பரீட்சையும். பிறகு குழுக் கலந்துரையாடல். அதுக்குப் பிறகு 'கேஸ்' என்று சொல்லுற பிரச்சினை தீர்க்கிற நேர்முகம். கடைசியில மூத்த ஆக்களோட ஒரு கதை. எங்கட பிள்ளையள் தடக்குப்படுறது மூன்றாவதிலதான்.

கேஸ் நேர்முகத்தில இப்பிடி ஒரு கேள்வி வரலாம்: "வவுனியா மாவட்டத்தில ஒரு நாளைக்கு எத்தனை இறாத்தல் பாண் விற்பனையாகும்?" விடை ஒருத்தருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. அவர் பார்க்கிறது நீங்கள் போற பாதையை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில ஏறத்தாழ 1,72,000 பேர். குடும்பத்துக்கு 4 பேர் என்று வைச்சால் 43,000 குடும்பம். ஒரு நாளில பாதிக் குடும்பம் ஒரு இறாத்தல் வாங்கும் என்று எடுகோள் வைப்பம். 21,500 வருது. சாப்பாட்டுக் கடைகள், ஆஸ்பத்திரி, விடுதிகளுக்கு இன்னுமொரு கால்வாசி சேர்த்தால் 27,000 அளவில நிற்கும்.

இதோட நிற்பாட்டினால் அரைவாசிப் புள்ளிதான். அடுத்தது, வந்த விடையைச் சோதிக்கிறது. ஒரு பேக்கரி நாளைக்கு 500 இறாத்தல் போடும் என்றால் 54 பேக்கரி வேணும். இது நம்பக்கூடிய எண்ணா? கிராமப் பக்கம் காலையில புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீடுகள்தானே கூட, அப்ப பாதிக் குடும்பம் என்றது கூடிப்போச்சோ? இப்பிடித் தன்ர எடுகோளைத் தானே சந்தேகிக்கிற பிள்ளையைத்தான் அவர்கள் தேடுறார்கள். நெடுங்கேணியில இருந்து வந்த பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் கொழும்புப் பிள்ளையை விட வேகமாக வரும். அது உங்கட பலம்.

பிறகு ஏன் தடக்குப்படுறம்? நாங்கள் ஏ.எல் ரியூசனில வளர்ந்த ஆக்கள். கடந்தகால வினாத்தாளும் மாதிரி விடையும்தான் எங்கட உலகம். சரியான விடை ஒன்று இருக்கு, அது சேரின்ட கொப்பியில இருக்கு என்று பழகிப்போனம். விடை தெரியாட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கிறதுதான் மரியாதை என்றும் பழகிப்போனம். கேஸ் நேர்முகம் இதுக்கு நேரெதிர். மனசுக்குள்ள கணக்குப் போட்டு விடையை மட்டும் சொன்னால் தோல்வி. பிழையாக யோசிச்சாலும் சத்தமாக யோசிச்சால் வழி இருக்கு. அதையும் இங்கிலீசில செய்ய வேணும். நாலு வருசம் இங்கிலீசில பரீட்சை எழுதின பிள்ளைக்கும் இங்கிலீசில வாய் திறந்து யோசிச்ச பழக்கம் இருக்காது.

இன்னொரு தடக்கு 'நான்' என்ற சொல். "நீங்கள் முன்னின்று செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கோ" என்று கேட்டால், எங்கட பிள்ளை "நாங்கள் செய்தனாங்கள், எங்கட பட்ச் செய்தது" என்று சொல்லும். தன்னைத் தான் புகழக்கூடாது என்று வளர்த்த வளர்ப்பு அது, நல்ல வளர்ப்பு. ஆனால் எதிரில இருக்கிறவருக்கு 'நாங்கள்' என்றதுக்குள்ள நீங்கள் எங்க என்று தெரியாது. என்ன நிலைமை, உங்கட பொறுப்பு என்ன, என்ன செய்தீங்கள், என்ன நடந்தது என்ற ஒழுங்கில நாலு வசனம் சொன்னால் போதும். அது பெருமை பேசுறது ஆகாது.

இதே இடத்தில இன்னொன்றும் சொல்ல வேணும். "உங்கட வாழ்க்கையில எதிர்கொண்ட பெரிய சவால் என்ன?" என்று கேட்பார்கள். இப்ப 23, 24 வயசில இருக்கிற வன்னிப் பிள்ளையளில எத்தனையோ பேருக்கு முதல் ஞாபகமே செட்டிகுளம் மெனிக் பாம் முகாமாக இருக்கலாம். 2012 செப்டெம்பரிலதான் அது முழுசாக மூடப்பட்டது. அந்தக் கதையைச் சொல்ல வேணுமா என்றது உங்கட விருப்பம். சொல்லியே ஆக வேணும் என்று ஒருத்தரும் உங்களைக் கேட்க முடியாது. வேலைக்காக எங்கட காயத்தைக் காட்ட வேண்டிய கடன் எங்களுக்கு இல்லை. அப்பாவின்ட கடைக் கணக்கைச் சரிப்படுத்தினது, குளத்தில தண்ணி குறைஞ்ச வருசம் எந்த வயலை விதைக்கிறது என்று கமக்காரர் அமைப்பில கதைச்சது, இதெல்லாம் தகுதியான விடைதான்.

இதுவரைக்கும் எங்கட வீட்டுப்பாடம். இனி நிறுவனங்களின்ட பக்கம்.

லோரன் ரிவேரா என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பெரிய ஆலோசனை, வங்கி, சட்ட நிறுவனங்களில ஆட்களைத் தெரிவு செய்யிற 120 பேரைப் பேட்டி கண்டு ஒரு ஆய்வு செய்தார். 2015இல 'பெடிகிரி' என்ற நூலாகவும் எழுதினார். அவர் கண்டது இதுதான்: நேர்முகம் காணுற ஆக்கள் திறமையோட சேர்த்துத் தங்களை மாதிரியான ஆக்களைத் தேடுறார்கள். ஒரே மாதிரி விளையாட்டு, ஒரே மாதிரிப் பொழுதுபோக்கு, ஒரே மாதிரிப் பேச்சு. இதைக் கொழும்புக்கு மொழிபெயர்த்தால் "எந்த ஸ்கூல்?" என்ற கேள்வியாக வரும். றக்பியும் பிக் மச்சும் தெரிந்தவருக்குக் கதை தானாக ஓடும். எங்கட பிள்ளை சிரிச்சுக்கொண்டு இருக்கும்.

இது மாற்ற முடியாத விதி இல்லை. 2015இல பிரித்தானியாவின்ட ஏர்ன்ஸ்ட் அன்ட் யங் நிறுவனம், பட்டதாரிகளை எடுக்கிறதுக்கு வைச்சிருந்த பட்ட வகுப்பு, ஏ.எல் புள்ளி என்ற குறைந்தபட்சத் தகுதிகளை நீக்குறதாக அறிவிச்சது. அதே காலத்தில அங்க டெலோய்ட், நேர்முகம் காணுறவருக்கு விண்ணப்பதாரியின்ட பல்கலைக்கழகப் பேரை மறைக்கத் தொடங்கினது. லண்டனில முடியும் என்றால் கொழும்பிலயும் முடியும். முதல் சுற்றை ஒன்லைனில வைக்கலாம். வவுனியாவில இருந்து கொழும்பு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். இரவு பஸ் ஏறி, நித்திரை இல்லாமல், காலையில ஆருடையாவது வீட்டில முகம் கழுவிப்போட்டு வாற பிள்ளையும், பக்கத்துத் தெருவில இருந்து வாற பிள்ளையும் ஒரே கோட்டில ஓடுறார்கள் என்று சொல்லுறது சரியில்லை. எந்த வகைக் கேள்வி வரும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே அறிவிக்கலாம். வருசத்துக்கு ஒருக்காவாவது பம்பைமடுவுக்கு வந்து ஆள் எடுக்கலாம்.

"இந்தக் கம்பனியள் என்ன நல்லவங்களா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில போதை தரும் வலிநிவாரணிகளின்ட விற்பனையைக் கூட்ட ஆலோசனை சொன்ன வழக்குகளில மக்கின்சி நிறுவனம் 2021இல 573 மில்லியன் டொலர் கட்டச் சம்மதிச்சது. 2025இல டெலோய்ட் அவுஸ்திரேலிய அரசுக்கு எழுதிக் கொடுத்த ஒரு அறிக்கையில இல்லாத நூல்களெல்லாம் மேற்கோளாக இருந்தது தெரியவந்து, செயற்கை நுண்ணறிவைப் பாவிச்சதையும் ஒப்புக்கொண்டு, காசில ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் போக வேணும். ஆனால் நாங்கள் போகாட்டில் அறிக்கைகள் நிற்கப் போறதில்லை. எங்களைத் தெரியாத ஆக்கள் தொடர்ந்து எழுதுவார்கள். இரண்டு மூன்று வருசம் உள்ள இருந்து, எண்களை எப்படி அடுக்குறது, எந்த எண்ணை மறைக்கிறார்கள் என்று படிச்சுக்கொண்டு வந்தால் அந்த அறிவு ஊருக்கும் வேணும். ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு, ஒரு நெல் ஆலைக்கு, ஏன் ஒரு பிரதேச சபைக்குக்கூட இந்த வேலை தெரிந்த ஆள் தேவை.

அதனால செய்யக்கூடியது ஒன்று: நாலு பேர் சேருங்கோ. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். ஒருத்தர் கேட்க, ஒருத்தர் விடை சொல்ல, மற்ற இரண்டு பேரும் குறிப்பெடுக்க வேணும். முதல் இரண்டு கிழமை தமிழில யோசியுங்கோ, பிறகு இங்கிலீசுக்கு மாறுங்கோ. நேர்முகத்துக்குப் போய்வந்த சீனியர்மாரிடம், எடுபட்டவர், எடுபடாதவர் இரண்டு பேரிடமும், என்ன கேட்டார்கள் என்று எழுதி வாங்குங்கோ. பல்கலைக்கழகத் தொழில் வழிகாட்டல் பிரிவிடம் போய் ஒரு அறை கேளுங்கோ.

முதல் கேள்வியை நானே தாறன்: ஒரு வெள்ளிக்கிழமை வவுனியாவில இருந்து கொழும்புக்கு எத்தனை பேர் பஸ் ஏறுறார்கள்? எடுகோளைச் சத்தமாகச் சொல்லித் தொடங்குங்கோ.