நீராடு துறைகள் சில

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்கே பாக்கு நீரிணை; கிழக்கே வங்கக் கடல்; தெற்கே கடனீரேரி. எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் சைக்கிளில் ஒரு மணி நேரத்துள் உவர்நீரிற் கால் நனைத்துவிடலாம். ஆயினும் எமது வகுப்பறையிலே நீந்தத் தெரிந்தவர்கள் கையுயர்த்துங்கள் என்று கேட்டால் உயரும் கைகள் மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் கரையோரக் கிராமத்துப் பிள்ளைகளின் கைகளாகவே இருக்கும். கடல் சூழ்ந்த நாட்டிலே நீந்தத் தெரியாத பிள்ளைகள் வளர்கின்றார்கள் என்பது பெற்றோர் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இந்நிலைக்குக் காரணங்கள் உள. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறு மாரியிலே மட்டும் ஓடும்; தொண்டைமானாறு பெயரளவில் ஆறாயினும் உண்மையில் உவர்நீர்ப் பரப்பே. எனவே எம்மவர்க்கு நீராடல் என்றாற் கிணற்றடியும் வாளியுமே. போர்க்காலத்திலோ கரையின் பல பகுதிகள் கம்பி வேலிக்குட் சென்றன. ஒரு தலைமுறை கடலைத் தூரத்தே நின்று பார்த்தே வளர்ந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை தாய்மாரின் நெஞ்சில் அச்சத்தை நிலைக்கச் செய்தது. அந்த அச்சத்தைக் குறை கூறுவார் யார்? ஆனால் அச்சம் பிள்ளையைக் கரையில் நிறுத்துமேயன்றி, தவறி விழுந்த வேளையிலே மிதக்கச் செய்யாது. ஆகவே விடுமுறை நாட்களிலே குடும்பமாகச் சென்று நீராடத்தக்க துறைகள் சிலவற்றை இவ்வாரம் எடுத்துக் கூற எண்ணினோம்.

முதலிற் சொல்லத்தக்கது கீரிமலைக் கேணி. நகுலேசுவரப் பெருமானின் திருக்கோயிலுக்கு அருகே, கடலலை மோதும் கரையிலேயே இக்கேணி அமைந்துள்ளது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் மூழ்கித் தம் முகம் மாறப் பெற்றார் என்பது தலபுராணச் செய்தி. கடலோரத்தில் நன்னீர் எவ்வாறு வருகின்றது என்று பிள்ளைகள் வினவுவர். குடாநாடு சுண்ணாம்புப் பாறையின் மேற் கிடக்கின்றது. மழைநீர் அப்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, நிலத்தின் கீழே வழி தேடிச் சென்று, கரையை அடைந்ததும் ஊற்றாக வெளிப்படுகின்றது. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்னர் பல ஆண்டுகள் இங்கு வந்து நீராட வழியில்லாதிருந்தது. இன்று ஆடி அமாவாசையன்று மட்டுமன்றி ஏனைய நாட்களிலும் கேணி கலகலப்பாக இருக்கக் காண்கின்றோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு கேணிகள் உண்டு. சுவர் சூழ்ந்த, அலையில்லாத நீர் ஆதலால் நீந்தப் பழகுவோர்க்கு இதனினும் தக்க இடம் அரிது. படிகளிற் பாசி படிந்திருக்கும், ஓடக் கூடாது, கேணியின் ஆழமறியாது தலைகீழாய்ப் பாயவும் கூடாது.

இரண்டாவது, காரைநகரின் வடகரையிலுள்ள கசூரினாக் கடற்கரை. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து செல்லும் வழியே கண்ணுக்கு விருந்தாகும். கரையிலே சவுக்க மரங்கள் நிழல் தருகின்றன. அம்மரத்தின் பெயரே கரைக்கும் பெயராயிற்று. நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவுக்கு மேற் செல்லாத இடங்கள் இங்கு உண்டு. கேணியில் மிதக்கப் பழகிய பிள்ளை, கடல்நீர் தன்னை இன்னும் இலகுவாகத் தாங்குவதை இங்கே உணரும். மணலிற் புதைந்து கிடக்கும் திருக்கை மீனை மிதித்துவிடாதிருக்கப் பாதத்தைத் தூக்கி வைக்காமல் உரசியபடி நடத்தல் வேண்டும். மீன் அசைவறிந்து விலகிவிடும். உடைந்த போத்தல்கள் திருக்கையினும் கொடியன. கொண்டு சென்ற பொருளைத் திரும்பக் கொண்டுவருவது கல்வியறிவுள்ள குடும்பத்துக்கு அழகு.

மூன்றாவது, வேலணையிலுள்ள சாட்டிக் கடற்கரை. பட்டணத்திலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே தீவகத்துக்குச் செல்வோர் எளிதில் அடையலாம். கூட்டம் மிகுந்த நாளைத் தவிர்த்து, காலை வேளையிற் சென்றால் வெயிலின் கொடுமையும் இராது.

இனி, பார்க்கத்தக்கனவாயினும் நீந்தத் தகாதன இரண்டினைக் கூறுதல் எமது கடமை. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு அவற்றுள் ஒன்று. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்று ஊரார் கூறும் அவ்வூற்று மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாய் நிற்பது. ஆழம் ஏறத்தாழ 50 மீற்றர். காலூன்றக் கரைப்பக்கம் ஆழமற்ற இடம் அங்கில்லை. மற்றையது வல்லிபுரத்துக்கும் மணற்காட்டுக்கும் அண்மையிலுள்ள கீழைக் கடல். மணற்குன்றுகள் பேரழகு வாய்ந்தன. ஆயின் அக்கரை வங்கக் கடலை நேரே நோக்கியது. அங்கே அலை வலிது. கரை சடுதியாக ஆழமாகும். தீர்த்தத் திருவிழாவிலே கரையோரம் தலை நனைப்பது வேறு. நீந்தப் புகுவது வேறு.

காலமும் அறிதல் வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக் காற்று வடகரையைத் தாக்கும். அப்போது கசூரினாக் கடலும் கலங்கும். பங்குனி, சித்திரை மாதங்களிற் கடல் அமைதியாயிருக்கும். சோழகம் வீசும் காலத்திற் காற்று நிலத்திலிருந்து வடகடலை நோக்கிச் செல்வதாற் கரையோரம் அமைதியாகவே தோன்றும். அந்த அமைதியை நம்பிக் காற்றடைத்த மிதவைகளிலே சிறுவரை ஏற்றுதல் ஆகாது. காற்று அவற்றை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

நீரோட்டம் ஒருவரைக் கடலுக்குள் இழுக்குமாயின் அதனை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்தல் பேதைமை. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தின் பிடியிலிருந்து விலகிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். நீரில் தத்தளிப்பவரைக் கண்டாற் பயிற்சியில்லாதவர் உடனே பாய்தல் கூடாது. ஒருவர் இறக்க வேண்டிய இடத்தில் இருவர் இறப்பது இவ்வாறே. கயிறோ, சேலையோ, மூடி இறுக்கிய வெறுங் கலனோ எறிந்து உதவுக. எமது முன்னோர் வாழைக்குற்றியையும் கோதுடன் கூடிய முற்றிய தேங்காயையும் பிடித்தே நீந்தப் பழகினர். பெரிய செலவு ஏதும் இதற்கு வேண்டியதில்லை. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்றலே வேண்டும்.

எம்மவர்க்கு இக்கலை புதிதன்று. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டிலே வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் அந்நீரிணையைப் போகவும் வரவும் நீந்தி உலகை வியக்கச் செய்தார். அத்தகைய வீரரும் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். கடலின் முன் வல்லவனுக்கும் அடக்கம் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இறுதியாக ஒரு சொல். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உளர். கிணறும் குளமும் வெள்ளமும் ஆண் பெண் பார்ப்பதில்லை. கீரிமலையிலே பெண்களுக்கெனத் தனிக்கேணி கட்டி வைத்த பெரியோர் அதனை வெறுமனே கட்டி வைத்தாரல்லர். தாய்மார் தம் புதல்வியரை அங்கு அழைத்துச் செல்வாராக. வரும் சித்திரை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் நாளில் நாம் மீண்டும் அக்கேள்வியைக் கேட்கும்போது, உயரும் கைகள் பெருகக் காண விழைகின்றோம்.