நூற்றாண்டு விழாவும் பூட்டிய கதவும்

விழாக்களுக்கு நான் விரோதி அல்ல. மயிலத்தில் பிறந்து வளர்ந்தவன் அப்படி இருக்க முடியாது. பங்குனி உத்திரத்தன்று எங்கள் மலையடிவாரத்தில் காவடிகளுக்கு நடுவே நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். என் சண்டை வேறொரு வகை விழாவோடு. பழைய வீரத்துக்கு மாலை போட்டுவிட்டு, அந்த வீரம் இன்று எங்கே தேவைப்படுகிறது என்பதைச் சாமர்த்தியமாக மறந்துவிடுகிறார்களே, அந்த விழாவோடு.

2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "வைக்கம் போராட்டத்துக்கு நூறு வருஷம் ஆகுது சார். கூட்டம் போடறோம். நீங்க வந்து பேசணும்" என்றார்.

"பேசுகிறேன். கூட்டத்தை மேல்பாதியில் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அது எதுக்கு சார் இப்ப? வீண் சங்கடம். நாம வைக்கத்தைப் பத்திப் பேசுவோமே!"

மேல்பாதி கேரளத்தில் இல்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில், எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்குள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோவிலுக்குள், 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். சமரசப் பேச்சு பலிக்கவில்லை. ஜூன் 7-ஆம் தேதி வருவாய்த்துறை அதிகாரிகள் கோவிலுக்குச் சீல் வைத்தார்கள். நண்பர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்த அன்றைக்கும் அந்தச் சீல் அப்படியேதான் இருந்தது.

வைக்கத்தில் நடந்தது என்ன? 1924 மார்ச் 30-ஆம் தேதி தொடங்கிய அந்தச் சத்தியாக்கிரகம், கோவிலுக்குள் நுழைவதற்காக அல்ல. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக! தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனபின், ஈரோட்டிலிருந்து ஈ. வெ. ராமசாமி போனார், இரண்டு முறை சிறைப்பட்டார். திருவிதாங்கூரில் கோவில் கதவுகள் திறந்தது 1936-ல்தான். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர், கக்கன் முதலியவர்களுடன் மதுரை மீனாட்சி கோவிலுக்குள் போனார். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் வந்து 76 ஆண்டுகள் கழித்து, உள்ளே போனவனை அடிக்கிறார்கள்.

ஊர் அமைதிக்காகத்தான் சீல் வைத்தார்கள் என்பார்கள். தடுத்தவனுக்கும் தடுக்கப்பட்டவனுக்கும் ஒரே பூட்டு! இது அமைதி அல்ல. உள்ளே விடமாட்டேன் என்றவன் கேட்டதில் பாதியைச் சர்க்காரே செய்து கொடுத்ததாகத்தான் ஆகும். வழக்கத்தை மாற்ற அவகாசம் வேண்டும் என்பார்கள். வைக்கத்திலும் வழக்கம் என்றுதான் சொன்னார்கள். நூறு ஆண்டு அவகாசம் போதாதா?

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கதை உண்டு, கூத்து உண்டு. சபை நடுவே ஒருத்தி நியாயம் கேட்கிறாள். பெரியவர்கள் எல்லோரும் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கேட்டு ஜனங்கள் கண்ணீர் விடுகிறார்கள். பொழுது விடிந்ததும் அந்தச் சபையின் வேலையைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் மயிலத்துத் தலபுராணமோ இன்னும் விசேஷம். போரில் தோற்ற சூரன் இங்கே மயிலாகத் தவமிருந்து முருகனுக்கு வாகனமானான் என்று சொல்லும். அசுரனுக்குக் கிடைத்த இடம், அடுத்த தெருவில் இருக்கும் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

நண்பரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அவருடைய கூட்டத்துக்குப் போனேன். முக்கால் மணி நேரம் பேசினேன். மேல்பாதியின் பெயரை ஒரே ஒரு முறை சொன்னேன். சபையில் ஒரு சலசலப்பு எழுந்ததும் மறுபடி வைக்கத்துக்கே போய்விட்டேன். பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மேல்பாதிக்குப் போக எனக்குப் பஸ் இல்லாமல் போகவில்லை.

அந்த மார்ச் 22-ஆம் தேதி கோர்ட்டு உத்தரவின் பேரில் பூசைக்காக மட்டும் கோவில் திறந்தது; ஜனங்களுக்கு அனுமதி இல்லை. 2025 ஏப்ரல் 17-ஆம் தேதிதான், போலீஸ் காவலுடன், தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அம்மனைக் கும்பிடப் போலீஸ்! அந்தத் தேதியை நம்மில் எத்தனை பேர் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்?

நூற்றாண்டு விழாக்களை நிறுத்தச் சொல்லவில்லை. வியாபாரி புதுக்கணக்கு எழுதும்போது பழைய பாக்கியைப் பார்க்கிறானே, அப்படி நடத்துங்கள் என்கிறேன். இத்தனை திறந்தது, இத்தனை திறக்கவில்லை என்று ஊர்ப் பெயரோடு மேடையில் வாசியுங்கள். அடுத்த விழாவை, இன்னும் திறக்காத கதவுக்கு முன்னால் பந்தல் போட்டு நடத்துங்கள். அங்கே பொன்னாடை கிடைக்காது. நான் வருகிறேன். இந்தத் தடவை பேச்சை மாற்றமாட்டேன்.