அண்ணன் கற்ற ஹிந்தி

போன மாதம் மாயவரத்தில் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். (ஊர்ப் பெயரை மயிலாடுதுறை என்று எப்போதோ மாற்றிவிட்டார்கள். என் வாய்தான் இன்னும் மாறவில்லை.) அண்ணனுக்கு வயது எண்பத்தொன்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். வாசல்படி ஏறும்போதே அவர் குரல் கேட்டது.

"பானி! பானி லாவ்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1965ல் கல்லூரி மாணவராக ஊர்வலம் போய், ஹிந்தி ஒழிக என்று தொண்டை கட்டும்வரை கத்தியவர் இவர். ஒரு வாரம் அப்பா பேசவில்லை.

"என்னண்ணே இது?" என்றேன்.

"என்னடா பண்றது? தண்ணின்னு கேட்டா தலகாணி கொண்டாறான்."

தண்ணீரோடு வந்தான் ஒரு பையன். இருபத்திரண்டு வயதிருக்கும். பீகாரில் தர்பங்கா பக்கம். அண்ணனைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் அவன்தான். உள்ளூரில் ஆள் தேடித் தேடி அண்ணி அலுத்துவிட்டார். அண்ணனுக்கு ஒரே பையன், டெக்சாஸில். தினமும் வீடியோவில் வந்து, "அப்பா, வாக்கர் பிடிச்சு நடந்தீங்களா?" என்று கேட்கிறான். பாவம், அவனால் முடிந்தது அதுதான்.

நாங்கள் கூடப் பிறந்தவர்கள் எட்டுப் பேர். அம்மா பெற்றது பத்து. இரண்டு தங்கவில்லை. "எத்தனை பசங்க?" என்று யார் கேட்டாலும் கடைசி வரை "பத்து" என்றுதான் சொன்னாள்.

அது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1971ல்கூட தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020ல் அந்த எண்ணிக்கை 13. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று பெறுவது நின்றுபோயிற்று. சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள், ஆபரேஷன் செய்துகொண்டால் ரொக்கம் தந்தார்கள். டி.வி. அந்தோணி என்று ஒரு தலைமைச் செயலாளர் குடும்பக் கட்டுப்பாட்டில் காட்டிய தீவிரத்தைப் பார்த்து, அவர் இனிஷியலுக்கு 'ட்யூபெக்டமி, வாசக்டமி' என்றே விரிவுரை சொன்னார்கள். ஆனாலும் முக்கோணத்துக்கு நான் முழு மார்க் போடமாட்டேன். பாதி மார்க் பள்ளிக்கூடத்துக்கும், சத்துணவுக்கும், தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்த கிராம நர்சம்மாவுக்கும் போக வேண்டும்.

பலன் இல்லாமலா? நாலைந்து பெற்ற காலத்தில் பெண்ணுக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. இரண்டோடு நின்ற பிறகுதான் அவள் பஸ் ஏறி வேலைக்குப் போனாள். இன்றைக்கு இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில்தான். சாப்பிடும் வாய் குறைந்து உழைக்கும் கை கூடினால் நாடு முன்னேறும் என்கிறார்கள் பொருளாதார நிபுணர்கள். முன்னேறினோம்.

அவர்கள் அடிக்குரலில் சொன்ன இன்னொன்று நம் காதில் விழவில்லை. உழைக்கும் கைக்கும் வயதாகும்!

மக்கள்தொகை அப்படியே நிற்கவே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 1.8. பீகார் 3. பிரான்ஸில் கிழவர் கிழவிகளின் பங்கு நூற்றுக்கு ஏழிலிருந்து பதினாலாக உயர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவர்கள் சம்பாதித்துப் பென்ஷன், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டிக்கொண்டார்கள். நாம் கிடுகிடுவென்று கிழவர்களாகிக்கொண்டிருக்கிறோம், கையில் காசு சேர்வதற்கு முன்பே. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகையை 2023ல் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆக்கினார்கள். அண்ணனின் மாத்திரைச் செலவு பத்து நாளைக்குக்கூட வராது.

போதாததற்கு எம்.பி. சீட் கவலை. 1971 ஜனத்தொகையை வைத்துத்தான் மாநிலங்களுக்கு சீட் என்று 1976ல் நிறுத்தி வைத்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலம் நஷ்டப்படக் கூடாதே என்றுதான். அந்தப் பூட்டைத் திறக்கும் பேச்சு எழுந்ததும் தலைவர்களுக்குத் திடீரென்று குழந்தைப் பாசம் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் ஒரு கல்யாண மேடையில், பதினாறும் பெற்று என்பதை உண்மையிலேயே பதினாறு பிள்ளையாக எடுத்துக்கொள்ளலாமா என்கிற மாதிரி மு.க. ஸ்டாலின் வேடிக்கையாகக் கேட்டார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு வேடிக்கையாக இல்லாமலே அதிகம் பெறச் சொன்னார். என் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "ஒண்ணுக்கே எல்.கே.ஜி. ஃபீஸ் கட்டிட்டு மூச்சு வாங்குது. அவங்களையே வளர்க்கச் சொல்லுப்பா" என்று போனை வைத்துவிட்டாள்.

அம்மா படுத்தபோது நாங்கள் எட்டுப் பேரும் போட்ட சண்டை இப்போது ஞாபகம் வருகிறது. ஆளுக்கு இரண்டு மாதம் என்று முறை போட்டோம். "உன் முறையில பிப்ரவரி வருது, மூணு நாள் லாபம் உனக்கு" என்று பெரியக்கா என்னிடம் கணக்குப் பேசினாள். வெட்கக்கேடுதான். ஆனால், ராத்திரி அம்மா முனகினால் எழுந்து பார்க்க அந்த எட்டில் ஒருவர் எப்போதும் இருந்தோம்.

மாயவரத்துக்குத் திரும்புகிறேன். அந்தப் பையன் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறானாம். தங்கை கல்யாணம். இருபது நாள் லீவு. அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை தங்கச்சிடா உனக்கு?" என்றார் அண்ணன். கையால் சைகையும் செய்தார்.

மூன்று விரலைக் காட்டினான். தம்பி இரண்டு வேறு. அண்ணன் மனசுக்குள் லீவுக் கணக்கைக் கூட்டுவது தெரிந்தது.

எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், "உனக்குக் கல்யாணமானா எத்தனை பெத்துக்குவே?" என்று கேட்டேன்.

பையன் வெட்கப்பட்டான். "ஏக்" என்றான். பிறகு யோசித்து, "ஜ்யாதா சே ஜ்யாதா, தோ" என்றான். மிஞ்சிப் போனால் இரண்டாம். படிக்க வைக்க வேண்டுமாம்.

அண்ணனுக்கு அதற்குள் அவ்வளவு ஹிந்தி புரிகிறது. தலையணையில் சாய்ந்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு எழுபத்திரண்டு. ஒரே பெண், ஹைதராபாத்தில்.

"உனக்கு எந்த ஊர்லேருந்துடா ஆள் வரும்?" என்றார்.